தைராய்டையே எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?

தண்டையார்பேட்டையில் எங்கள் மருந்துக் கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளிலேயே நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு அம்மா சீட்டை நீட்டுவார். "தம்பி, நோய் வந்த தைராய்டையே அறுத்து எடுத்துட்டாங்க. அப்புறமும் ஆயுசு முழுக்க மாத்திரைன்னு எழுதியிருக்காரு. சரியா பாரு" என்பார். அவருக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். "ம்மா, இது நோய்க்கான மாத்திரை இல்ல, நிறுத்தாம போடுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்புவேன். அது அரைகுறைப் பதில். என் அக்காவுக்கே, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் வந்து அதை முழுசாக எடுத்தபோது, அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பதால் என்ன ஆகும் என்று வீட்டுக்குள்ளேயே பார்த்தேன். கடையில் நின்றபடி சொல்ல முடியாத முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தைராய்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பி அது. டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. பெரும்பகுதி டி4தான். அது கையிருப்பு மாதிரி. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதைத் தேவைக்கு ஏற்ப டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த ஹார்மோனின் அளவைப் பொறுத்தது.

இப்போது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் தொட்டி, கீழே மோட்டார். குழாயில் தண்ணீர் குறைந்தால் சமையலறையிலிருந்து அம்மா "மோட்டார் போடுடா" என்று குரல் கொடுப்பார். தொட்டி நிறைந்தால் குரல் நின்றுவிடும். இதில் தைராய்டுதான் மோட்டார். ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்தான் தொட்டித் தண்ணீர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பிதான் அம்மா. அவர் கொடுக்கும் குரலுக்குப் பெயர்தான் டி.எஸ்.எச். ரிப்போர்ட்டில் முதலில் எல்லோரும் தேடும் எண் அதுதான்.

இது புரிந்துவிட்டால் ரிப்போர்ட்டில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று தெளிந்துவிடும். டி.எஸ்.எச். அதிகமாக இருந்தால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று அர்த்தம், ஏனென்றால் தண்ணீர் இல்லாத வீட்டில்தான் அம்மா சத்தம் போடுவார். டி.எஸ்.எச். மிகக் குறைவாக இருந்தால் ஹார்மோன் வழிந்துகொண்டிருக்கிறது. "டி.எஸ்.எச். ஏறிடுச்சு, மாத்திரையைக் குறைச்சுக்கிறேன்" என்று தாங்களாகவே குறைத்துக்கொண்டு வந்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியதற்கு நேர் எதிர் அது.

கிரேவ்ஸ் நோயில் கோளாறு மோட்டாரில் தொடங்குவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. யாரோ ஒருவன் அம்மாவின் குரலிலேயே "மோட்டார் போடு, மோட்டார் போடு" என்று ராப்பகலாகக் கத்துவது மாதிரி. மோட்டாருக்குக் குரல் வித்தியாசம் தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டி வழிகிறது. அம்மா வாயே திறப்பதில்லை, டி.எஸ்.எச். பூஜ்யத்தை ஒட்டி விழுந்துவிடுகிறது. ஆனாலும் மோட்டார் நிற்பதில்லை. படபடப்பு, கை நடுக்கம், சாப்பிடச் சாப்பிட இளைப்பது, பிறர் போர்த்திக்கொள்ளும்போதும் வியர்ப்பது, தூக்கமின்மை எல்லாம் அந்த வழிசலின் அடையாளங்கள். சிலருக்குக் கண்ணும் பிதுங்கும். 1835-இல் இதை எழுதிவைத்த அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரே நோய்க்கும் நின்றுவிட்டது.

இதற்குச் சிகிச்சை மூன்று வகை. கார்பிமசோல் போன்ற மாத்திரையால் சுரப்பை அடக்கலாம், கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியைச் செயலிழக்க வைக்கலாம், அல்லது ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். எது யாருக்கு என்பது தனிக் கதை. அக்காவுக்கு மாத்திரையை நிறுத்தியதும் நோய் திரும்பி வந்தது, கழுத்தும் பெரிசாக வீங்கியிருந்தது, கண்ணிலும் தொந்தரவு இருந்தது. அதனால் ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

ஆபரேஷன் முடிந்தால் வீட்டில் மோட்டாரே இல்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் குடும்பம் நடக்காது. அப்போது லாரித் தண்ணீரைப் பிடித்துக் குடத்தில் தூக்கித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டை நான் விளக்கத் தேவையில்லை. தினமும் போடும் அந்த ஒரு சின்ன மாத்திரைதான் அந்தக் குடம். லீவோதைராக்சின் என்பது அதன் பெயர். எல்ட்ராக்சின், தைரோனார்ம் என்று டப்பாவில் வேறு வேறு பெயர் இருக்கும். உள்ளே இருப்பது நம் சுரப்பி சுரந்துகொண்டிருந்த அதே டி4, செயற்கையாகத் தயாரித்தது. நோயை அடக்கும் மருந்து என்று இதை நினைத்தால்தான் "நோய் போயிடுச்சே" என்ற கேள்வி வரும். இதுவோ, இல்லாமல் போன சுரப்பியின் வேலையைச் செய்வது.

இந்த மாத்திரை இல்லாத காலமும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோச்சர் தைராய்டை எடுப்பதில் பேர் பெற்றவர், 1909-இல் நோபல் பரிசும் வாங்கினார். தான் முழுசாகச் சுரப்பியை எடுத்துவிட்ட நோயாளிகள் உடம்பு வீங்கி, புத்தி மந்தமாகி, ஒடுங்கிப்போனதை 1883-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதன் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 1919-இல், 74 வயதில்தான் இறந்தார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் டி4-ஐப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிழைக்கக் கிடைத்த வழி இன்று நம் தெருமுனைக் கடையில் ஒரு டப்பாவில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும்போது சில நேரம் இது என் நினைவுக்கு வரும்.

சரி, ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களைப் பார்ப்போம். அதுவரை போட்டுக்கொண்டிருந்த கார்பிமசோலுக்கு இனி வேலை இல்லை. மோட்டாரை அடக்கத்தான் அது. வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டையைப் பழக்கத்தில் போட்டுவிடாதபடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். படபடப்புக்குக் கொடுத்த ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை வேறு. அதை டாக்டர் சொல்லும் விதத்தில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது.

அடுத்தது கால்சியம். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அரிசி, பருப்பு அளவில் நாலு சுரப்பிகள் இருக்கும். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவை. ஆபரேஷனில் அவை அடிபட்டு அசந்துபோகலாம். கிரேவ்ஸில் நீண்ட நாள் கால்சியத்தை இழந்திருந்த எலும்புகளும் ஆபரேஷனுக்குப் பிறகு அதை வேகமாக இழுத்துக்கொள்ளலாம். அப்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி மதமதப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்வது, கெண்டைக்கால் பிடிப்பு இவைதான் அறிகுறிகள். இது வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் இது சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் கால்சியமும், கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மாத்திரையும் நிரந்தரமாகத் தேவைப்படும்.

தைராய்டு மாத்திரையின் அளவுக்கு வருவோம். சுரப்பியே இல்லாத பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுத் தொடங்குவார்கள். 62 கிலோ என்றால் 99, ஆகவே 100. அக்காவுக்கு அப்படித்தான் தொடங்கினார்கள். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் மருந்து என்பதால்தான் 75, 88, 100, 112, 125 என்று இத்தனை படிகளில் டப்பாக்கள் வருகின்றன.

மருந்துக்கடைக்காரனாக ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 12.5 என்று ஒரு அளவு இருக்கிறது, 125 என்றும் ஒன்று இருக்கிறது. கிறுக்கலான சீட்டில் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போனால் பத்து மடங்கு வித்தியாசம். எங்கள் கடையிலேயே ஒரு தடவை பையன் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டான். பில் போடும்போது நான் பார்த்துவிட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து பழைய டப்பாவையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் அப்படியே செய்யுங்கள். ஒரே கம்பெனி மாத்திரையையே தொடர்வதும் நல்லது. மாற்ற வேண்டி வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் அக்கா விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்ட இடம். இந்த மாத்திரை மற்றவற்றோடு சேராது. வயிற்றில் வேறு ஏதாவது இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு, உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். அதனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, பால், டிபன் எதுவும் கூடாது. நம் ஊரில் கஷ்டமே அந்த முதல் டீயில்தான். கண் விழித்ததும் டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் படுக்கைப் பக்கத்திலேயே டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, வாசல் தெளித்து வருவதற்குள் டீ குடிக்கும் நேரம் வந்துவிடும்.

கால்சியம் மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துக்கும் அதே இடைவெளிதான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரே சீட்டில் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் எழுதியிருக்கும், அங்கேதான் தவறு நடக்கிறது. அக்கா இரண்டையும் காலையில் ஒன்றாகவே விழுங்கிக்கொண்டிருந்தாள். "மாத்திரையை மறக்காம போடுறேன்டா" என்று அவள் சொன்னதும் நான் திருப்தியாகிவிட்டேன். எப்படிப் போடுகிறாய் என்று கேட்கவில்லை. மூணு மாசம் கழித்து டி.எஸ்.எச். 11 என்று வந்தது. முகம் உப்பி, முடி கொட்டி, பகலெல்லாம் தூக்கம். டாக்டர் டோஸை ஏற்றுவதற்கு முன்னால் "காலையில எந்திரிச்சதிலிருந்து என்னென்ன வாயில போடுறீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொல்லச் சொல்ல எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கும் இரவுக்கும் மாற்றினோம். டோஸை ஒரு மைக்ரோகிராம் கூட ஏற்றவில்லை. அடுத்த டெஸ்டில் டி.எஸ்.எச். 3-க்கு வந்துவிட்டது.

கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையறா வேறு விதமாகக் குறுக்கே வரும். அவை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரைவதும் குறையும். நேரத்தைத் தள்ளிப் போட்டால் மட்டும் இது முழுசாகத் தீராது. அவற்றைத் தினமும் போட ஆரம்பித்தாலும், நிறுத்தினாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அவர் அதற்கேற்ப அளவைப் பார்த்துக்கொள்வார்.

காலைதான் என்று கட்டாயமும் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போதும் போடலாம். காசிமேட்டில் ஏலத்துக்கு விடியாத இருட்டிலேயே கிளம்பும் மீன்காரப் பெண்களுக்கும், துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் இதுவே வசதி என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் சஹருக்கு அரை மணி முன்னாலோ, இரவு படுக்கும்போதோ போடுபவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரமாக இருந்தாலும் தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி என்பதுதான் விஷயம். இன்றைக்கு டீயோடு, நாளைக்கு டிபனுக்குப் பின்னால், அடுத்த நாள் வெறும் வயிற்றில் என்று போட்டால் எந்த டெஸ்டும் உண்மையைச் சொல்லாது. எந்த டாக்டராலும் உங்களுக்கான அளவைக் கண்டுபிடிக்க முடியாது.

டெஸ்ட் எப்போது எடுப்பது? டோஸை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து. ஏன் அவ்வளவு நாள் என்று கேட்பார்கள். டி4-க்கு உடம்பில் அரை ஆயுள் சுமார் ஏழு நாள். அதாவது இன்று உடம்பில் இருப்பதில் பாதி அடுத்த வாரமும் இருக்கும், அதில் பாதி அதற்கடுத்த வாரம். பெரிய தொட்டி அது. தினம் ஒரு குடம் கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தால் தண்ணீர் மட்டம் புது இடத்தில் நிலைக்கவே ஐந்து வாரம் போல ஆகும். அம்மாவின் குரல் அதற்கேற்ப மாறுவது அதற்கும் பின்னால். இரண்டே வாரத்தில் டெஸ்ட் எடுத்து "ஒண்ணும் குறையலையே" என்று பதறுவது காசுக்கும் நஷ்டம், மனசுக்கும் நஷ்டம். அளவு ஒருமுறை நிலைத்துவிட்டால் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு மட்டும் ஒரு தனி விஷயம் உண்டு, இது தெரியாமல் பல வீடுகளில் குழப்பம் நடக்கிறது. மாசக்கணக்கில் தொட்டி வழிந்துகொண்டிருந்ததால் அம்மா குரல் கொடுக்கும் பழக்கத்தையே விட்டிருப்பார். மோட்டாரைக் கழற்றிய பிறகு தண்ணீர் இறங்கினாலும் அவர் உடனே கூப்பிட ஆரம்பிப்பதில்லை. ஆகவே ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் கூட, டி.எஸ்.எச். குறைவாகவே கிடக்கும். அதைப் பார்த்து மாத்திரை அதிகம் என்று முடிவுகட்டக் கூடாது. அப்போது ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் ஓடும் டி4, என்ற எண்தான் உண்மை நிலையைச் சொல்லும். அக்காவுக்கு ஆறாவது வாரம் டி.எஸ்.எச். 0.05 இருந்தது. வீட்டில் எல்லோரும் "நோய் திரும்ப வந்திடுச்சு" என்று பயந்தோம். ஃப்ரீ டி4 வரம்புக்குள் இருக்கிறது என்று டாக்டர் டோஸைத் தொடவே இல்லை.

டெஸ்ட் எடுக்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்று ஏறிக் காட்டும். கூடுமானவரை ஒரே லேபில் எடுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். தைராய்டில் முடி கொட்டியதும் பலர் கடைக்கு வந்து கேட்பது அதைத்தான். அது உடம்பைக் கெடுப்பதில்லை, டெஸ்டைக் கெடுக்கும். சில லேப் முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐ ஏற்றியும் காட்டி, பார்ப்பவர் கண்ணுக்கு கிரேவ்ஸ் திரும்பிய மாதிரியே ஆக்கிவிடும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்துங்கள். பெரிய டோஸ் என்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டி.எஸ்.எச். பெரியவர்களுக்குச் சுமார் 0.4-இலிருந்து 4 வரை இருப்பது சாதாரணம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பக்கத்து வீட்டுக்காரரும் தைராய்டை எடுத்தவர், அவருக்கு டாக்டர் வேண்டுமென்றே டி.எஸ்.எச்.-ஐக் குறைவாக வைத்திருக்கிறாரே என்று ஒப்பிடாதீர்கள். தைராய்டு புற்றுநோய்க்கு எடுத்தவர்களில் சிலருக்கு அப்படி வைப்பார்கள், அதற்குக் காரணம் வேறு. கிரேவ்ஸுக்கு எடுத்தவர்கள் வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். அதிகமாகப் போட்டால் கொஞ்ச நாளைக்குச் சுறுசுறுப்பாகத்தான் தெரியும், உடம்பும் இளைக்கும். ஆனால் இதயத்துடிப்பு தாளம் தப்பலாம், எலும்பு தேயலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இளைப்பதற்காக ஒரு மாத்திரை கூடுதலாகப் போடுகிறேன் என்பவர்களுக்கு நான் கடையில் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு போனாலும் சரி.

எடை பற்றி ஒரு வார்த்தை. கிரேவ்ஸ் இருந்தபோது நாலு இட்லிக்குப் பதில் எட்டு சாப்பிட்டும் இளைத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வேகம் சாதாரணமாகிவிடும், பழகிய பசி மட்டும் கொஞ்ச நாள் அப்படியே நிற்கும். அப்போது எடை கூடும். அதில் ஒரு பங்கு நோய் தின்றுவிட்ட எடை திரும்புவதுதான்.

பத்தியம் பற்றி வீட்டுப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகாது, கடல் மீன் ஆகாது, அயோடின் உப்பு ஆகாது என்பார்கள். இவையெல்லாம் தைராய்டு என்ற மோட்டாருக்குள் போய் அதன் வேலையைக் கூட்டுவதாலும் குறைப்பதாலும் வரும் பேச்சு. சுரப்பியை முழுசாக எடுத்தவர்களுக்குக் கூட்டவும் குறைக்கவும் அங்கே ஒன்றும் இல்லை. வஞ்சிரமோ சங்கராவோ மனசாரச் சாப்பிடலாம், கோஸ் பொரியலும் தின்னலாம். அக்கா எட்டு மாசம் தொடாமல் இருந்த மீன் குழம்பை இதைக் கேட்ட அன்றுதான் வைத்தாள். சோயா மட்டும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் மாத்திரை நேரத்தை ஒட்டி அது வேண்டாம்.

மோட்டாரைக் கழற்றிவிட்டோம், ஆனால் அம்மா குரலில் கத்திக்கொண்டிருந்தவன் என்ன ஆனான்? பெரும்பாலானவர்களுக்கு அந்த எதிர்ப்புப் பொருள் ஆபரேஷனுக்குப் பின் மெல்ல மெல்லக் குறையும். சிலருக்கு வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கேட்பதற்கு மோட்டார் இல்லாததால் உடம்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். கண் தொந்தரவு ஆபரேஷனோடு தானாகப் போய்விடாததும் அந்த எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருப்பதால்தான். கண்ணுக்குத் தனியாகக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் சிகரெட், பீடி பிடிப்பவர்கள் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கிரேவ்ஸ் கண்ணை அதிகம் கெடுப்பதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. தைராய்டு ஹார்மோன் ரொம்ப இறங்கிப்போவதும் கண்ணுக்கு நல்லதில்லை.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அம்மாவுக்குத் தைராய்டு இல்லை, குழந்தைக்கு இருக்கிறதே. அங்கே போய்க் கத்தினால் குழந்தையின் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் "எனக்கு முன்னே கிரேவ்ஸ் இருந்தது, ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று மகப்பேறு டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். டி.எஸ்.எச். சரியாக இருக்கிறதே என்று சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. எதிர்ப்புப் பொருளை அளக்கத் தனி டெஸ்ட் இருக்கிறது. மாத்திரைத் தேவையும் கர்ப்பத்தில் கூடும், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரையாக ஏற்றும்படி பல டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். கல்யாணம் ஆனதும், குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டும் எடுக்க வேண்டும்.

டப்பாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அடுப்பு மேடைக்கு மேல் உள்ள ஷெல்ப், ஜன்னல் விளிம்பு, குளியலறை எல்லாம் தப்பான இடங்கள். கத்திரி வெயிலில் தகர ஷீட் போட்ட வீடுகள் கொதிக்கும். வீட்டுக்குள்ளேயே இருப்பதில் குளிர்ச்சியான, இருட்டான மூலையைத் தேர்ந்தெடுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். அன்றைக்கே ஞாபகம் வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டாகப் போடலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். ஒருநாள் விட்டதால் கெடாது என்பதற்காக வாரக்கணக்கில் விடவும் கூடாது. சுரப்பியே இல்லாதவர் மாசக்கணக்கில் நிறுத்தினால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகும் நிலைவரை போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது எங்கள் பக்கம் பல தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. கடையைத் திறந்த அன்று, எர்ணாவூர்ப் பக்கமிருந்து ஒரு அக்கா இடுப்புவரை நனைந்த புடவையோடு வந்தார். அவருக்கும் கிரேவ்ஸுக்காக ஆபரேஷன் ஆகியிருந்தது. டப்பா தண்ணீரில் போய்விட்டது, மாத்திரை போட்டு ஐந்து நாள் ஆயிற்று. "எனக்கு ஏதாவது ஆயிடுமா தம்பி?" என்று கை நடுங்கக் கேட்டார். பின்னால் அன்றைக்குக் கூட்டம் இல்லை. உட்கார வைத்து அந்தத் தொட்டிக் கணக்கைச் சொன்னேன். ஐந்து நாள் ஊற்றாவிட்டாலும் உடம்புத் தொட்டியில் பாதிக்கும் மேல் இன்னும் இருக்கும், இன்றிலிருந்து வழக்கமான ஒன்றையே போடுங்கள், விட்டுப்போன ஐந்தையும் சேர்த்து விழுங்க வேண்டாம், டாக்டருக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன். அதே கம்பெனி, அதே 88 அளவு டப்பாவை எடுத்து, எண்ணை இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தேன். பொங்கல் கழிந்து ரிப்போர்ட்டோடு வந்து காட்டினார். டி.எஸ்.எச். 2.8.